போகிறவர்கள் கழுவிவிட்ட தண்ணீர்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நீங்கள் இருவரும் கேட்டீர்கள்: "அக்கா, பின்முற்றத்துக் கொட்டகையில நிக்குதே, அந்த டிரம்ல எல்லாம் என்ன?" பழைய எண்ணெய், கிட்டப் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மதகுச் சக்கரத்துக்குக் கிரீஸ் போடக் காட்டித் தருகிறேன் என்று அழைத்துப் போனேன். விவரமாகச் சொல்ல அன்று நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். ஓய்வு பெற்றுப் போகிறவர்கள்தான் வழக்கமாக இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்த வயதில்லை. என் மகள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. ஆனால் நம் வடிகால் ஆபீஸ் அறையில் ஓய்வு பெறும் வயதுவரை யாருமே இருந்ததில்லை. எல்லோரும் அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டார்கள். அப்படி மிஞ்சியதில் மூத்தவள் நான்தான்.

வடிகால்கள் எங்கே ஆரம்பித்து எங்கே ஆற்றில் விழுகின்றன, எந்த அலையில் எந்த மதகைத் திறப்பது, எல்லாம் மேசைமேல் உள்ள ஆங்கிலக் குறிப்பில் இருக்கிறது. இதை மட்டும் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கு அறிக்கையாகிவிடுகிறது. அறிக்கையில் பயந்ததை எழுத இடமில்லை. உங்களில் ஒருத்தி கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். அவள் மற்றவருக்கு வாசித்து இந்தியில் சொல்லட்டும்.

நான் சேர்ந்தபோது இந்த அறையில் உட்கார இடம் கிடைக்காது. ஜன்னலோர மேசைக்காகச் சண்டை நடக்கும். தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் நம் இந்திய வம்சப் பிரதமரையும் ஆட்களையும் பிடித்து வைத்த அந்த வருஷத்துக்குப் பிறகு, மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முதலில் வரைபடக்காரர், பிறகு சர்வேக்காரர்கள், கடைசியாக எங்கள் தலைமைப் பொறியாளர். அவர் ஆக்லாந்துக்குப் போனார். போன அன்று ஜன்னலோர மேசை எனக்கு வந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை.

அந்த மாதங்களில் ஒன்று கவனித்தேன். லம்பாசாவில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகப்போகிறது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிவதற்கு முன் வடிகாலுக்குத் தெரிந்துவிடும். நம் ஆட்கள் வீட்டை அழுக்காக விட்டுப் போகமாட்டார்கள். விற்றது போக, கொடுத்தது போக, கடைசியில் யாருக்கும் வேண்டாத சில பொருள்கள் மிஞ்சும். பாதி டின் பெயிண்ட், கரும்புக்கு அடித்த களைக்கொல்லி, மண்ணெண்ணெய், கெட்டுப்போன ஊறுகாய். அதையெல்லாம் கொட்டி, பினாயில் போட்டுக் கழுவி, கதவைப் பூட்டுவார்கள். காலையில் தெருவோரமாக நடந்து வந்தால், எந்த வீட்டுக்கு டிக்கெட் வந்துவிட்டது என்று மூக்கு சொல்லும். ஒருமுறை ஒரு வாய்க்கால் முழுவதும் மாங்காய் ஊறுகாய் வாசனை. அன்று சிரித்தேன். அந்த வீட்டில்தான் என் மகளைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்படித்தான் என் மகள் அஞ்சலி என்னோடு ஆபீசுக்கு வரத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. அவள் அப்பா முன்னதாகவே ஆக்லாந்து போய், எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளக் காகிதங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். உங்களுக்கும் நாளைக்குக் குழந்தையோடு வேலைக்கு வர நேரலாம். வந்தால், மதகடியில் கையை விடாதீர்கள். அங்கே தடுப்புக் கம்பி கிடையாது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

டிரம் விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம். காலையில் வெயில் அடித்தால் மதியம் கொட்டும் என்று எல்லோருக்கும் தெரிந்த நாட்கள். அஞ்சலியை நடத்திக்கொண்டு ஊருக்குள் நசியாப் பகுதியின் தாழ்ந்த சந்துகள் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய வடிகால் அந்தச் சந்துகளை ஒட்டியே போய், ஆற்றில் விழும் இடத்தில் ஒரு மதகில் முடிகிறது. அலை, அதாவது கடல்மட்டம், ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் திரும்பி ஊருக்குள் வராமலிருக்க மதகை மூடுவோம். இறங்கும்போது திறந்து ஊர்த் தண்ணீரை வெளியே விடுவோம். அன்று காலை அலை இறங்கிக்கொண்டிருந்தது. மதகு திறந்திருந்தது.

அஞ்சலி குனிந்து வடிகாலைப் பார்த்தாள். "அம்மா, தோசைக்கல்லு" என்றாள்.

தண்ணீர் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் தடவிய கல்லைப்போலக் கறுப்பாக, பளபளவென்று. மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பழைய என்ஜின் எண்ணெய் வாசனை.

மேலே போய்ப் பார்த்தேன். வேலு மாமாவின் கராஜ். அவரும் என் அப்பாவும் பெரிய தீவில் ராக்கிராக்கி பக்கம், பினாங்கு என்று பெயர் கொண்ட கரும்பு மில்லுக்கு அருகே ஒன்றாகப் படித்தவர்கள். என்னோடு தமிழில்தான் பேசுவார். கராஜை விற்றுவிட்டு அந்த வாரக் கடைசியில் சிட்னிக்கு, மகனிடம் போவதாக இருந்தார். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, ஓஸ் குழாயால் சிமெண்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா வா. பாப்பாவும் டியூட்டிக்கு வந்துட்டாளா?"

"மாமா, டிரெயினேஜ்ல என்ன ஊத்தினீங்க?"

"எல்லாந்தான்." முகம் மலரச் சிரித்தார். "தரையப் பாரு. சோறு போட்டுச் சாப்பிடலாம். வாங்கினவன் நாளைக்கு வந்து, மதராசிக்காரன் குப்பையா விட்டுட்டு ஓடினான்னு சொல்லக் கூடாதில்ல?"

"டிரம்ல இருந்த எண்ணெயையா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? முந்தி எல்லாம் கரும்புக்காரன் வந்து கேட்டு வாங்கிட்டுப் போவான், வேலிக் கட்டைக்குப் பூச. இப்ப எவன் வேலி போடறான்? நிலத்து லீஸ் முடிஞ்சுதுன்னு வீட்டையே பிரிச்சு லாரில ஏத்திட்டுப் போறானுங்க. நான் என்ன, பிளேன்ல ஏத்திக்கிட்டா போவேன்?"

வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த டிரம்களைப் பார்த்தேன். பல வருஷத்து எண்ணெய். தரை நிஜமாகவே பளிச்சென்று இருந்தது.

"தண்ணிய நிறுத்துங்க மாமா" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவர் சிரிப்பு போய்விட்டது. குழாயை மூடினார். நான் அஞ்சலியைத் தூக்கிக்கொண்டு மதகை நோக்கி ஓடினேன்.

மதகுக்குக் கீழே ஆற்றில் மெரேயும் இன்னும் சில பெண்களும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, காலால் தடவித் தடவி ஆற்று மட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை மார்க்கெட்டில் குவியல் குவியலாக வைத்து விற்பார்களே, அதே பெண்கள். மெரே பூர்வகுடிப் பெண், லம்பாசாவிலேயே வளர்ந்தவள். அவள் பேசும் இந்தி என்னுடையதைவிடச் சரளம்.

"என்ன மாராமா, இன்னிக்கும் பேபிதான் பாஸா?" என்று கத்தினாள். மாராமா என்றால் அவர்கள் மொழியில் அம்மணி.

"மெரே, எல்லாரையும் மேல கூட்டிட்டுப் போ. எண்ணெய் வருது. வந்து இந்தச் சக்கரத்தைப் பிடி!"

அவள் கரையேறி ஓடி வந்தாள். நான் ஒரு கையில் அஞ்சலியைப் பிடித்தபடியே, இருவரும் சேர்ந்து சுற்றி மதகை இறக்கினோம். கறுப்புத் தண்ணீரின் முனை இன்னும் வந்து சேரவில்லை. பலகை அடியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் அஞ்சலியின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று தெரிந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் வந்து மதகில் முட்டி நின்றது. மெரே எட்டிப் பார்த்து, "ஈசா" என்றாள், ஐயோ என்பது போல. பிறகு மலைப் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

உங்களுக்குக் கணக்கு புரியும், இருந்தாலும் சொல்கிறேன். மழை வந்தால் ஊர்த் தண்ணீர் முழுவதும் அந்த வடிகாலுக்குத்தான் வரும். மதகு மூடியிருந்தால் அது நிரம்பித் தாழ்ந்த சந்து வீடுகளுக்குள் எண்ணெயோடு ஏறும். மதகைத் திறந்தால் வீடுகள் தப்பும், எண்ணெய் முழுவதும் ஆற்றுக்குப் போகும். மட்டிப் படுகைக்கும், கீழே அலையாத்தி வேர்களில் நண்டு பிடிக்கும் இடத்துக்கும். யோசித்துக்கொண்டே இருக்கவும் முடியாது. பிற்பகலில் அலை ஏறத் தொடங்கிவிட்டால் மதகைத் திறந்தும் பயனில்லை.

ஆபீசுக்குப் போனேன். மேலதிகாரி சுவாவில். அங்கே லைன் கிடைக்கவில்லை. வடிகால் வேலை கேங்கில் மிஞ்சியிருந்த இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் அடைப்பு எடுக்கப் போயிருந்தார்கள். அவர்களுக்கு ஆள் அனுப்பினேன். பிறகு, எப்போதும் செய்துவந்ததைச் செய்தேன். ஆக்லாந்துக்கு, எங்கள் பழைய தலைமைப் பொறியாளரின் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுல என்ன கேள்வி? திற" என்றார். "வீடு முதல்ல. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"ஆறு, சார்..."

"ஆறு தன்னைத்தானே கழுவிக்கும். அந்தச் சந்துல கோவிந்தன் வீட்டுல நாலு பிள்ளைங்க. மூலை வீட்டு டீச்சரம்மா நடக்க முடியாதவங்க. தண்ணி ஏறினா அவங்கள யார் தூக்குவா? நீயா? திறம்மா."

கோவிந்தன் அண்ணனும் நான்கு பிள்ளைகளும் பிரிஸ்பேனில். டீச்சரம்மாவை மகன் வந்து வான்கூவருக்குக் கூட்டிப்போய்ப் பல மாதங்கள். இரண்டு வீட்டுச் சாவியும் என்னிடம் இருந்தன. அந்தச் சந்திலிருந்து போன ஒவ்வொருவரும், "உன்கிட்ட இருக்கட்டும், நீ எங்க போகப்போறே" என்று சாவியை என்னிடம்தான் தந்துவிட்டுப் போனார்கள். மாதம் ஒரு தடவை போய் ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட்டு வருவேன்.

இதை அவரிடம் சொல்லவில்லை. அவருடைய மனதில் அந்தச் சந்தில் இன்னும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "சரி சார்" என்றேன்.

"மழை ஆரம்பிச்சிடுச்சா?"

"இப்பதான், சார்."

"ரிசீவரை ஜன்னல் பக்கம் கொஞ்சம் பிடியேன்."

பிடித்தேன். தகரக் கூரைமேல் முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கேட்டு முடிக்கும்வரை பிடித்திருந்து, பிறகு போனை நான்தான் வைத்தேன்.

அவர் சொன்ன விதி சரியானது. இப்போதும் அதையே உங்களுக்குச் சொல்வேன், வீடு முதலில். ஆனால் அது அவர் விட்டுப்போன ஊருக்கு ஏற்ற விதி. நான் நின்றுகொண்டிருந்த ஊரில் அந்தச் சந்தில் என் வீட்டைத் தவிர ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு எரிந்தது. மில்லில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவி சாந்தியும் இருந்த வீடு. நான் அஞ்சலியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன்.

சாந்தி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மதகை முழுவதும் திறக்கப்போவதில்லை, தண்ணீர் ஏறும் என்று சொன்னதும் கொடியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்குள்ள அழுக்குத் தண்ணி விடப்போறேன்னு என்கிட்டயே வந்து சொல்றியா? வெட்கமா இல்ல உனக்கு?"

"அரிசி, துணிமணி எல்லாத்தையும் கட்டில் மேல ஏத்திடு. என் வீட்டுக்குப் போயிடு. இவளையும் கூட்டிட்டுப் போ."

"உன் வீடு தூண் மேல நிக்குது. உனக்கென்ன? உன் வீடா நனையப்போகுது?"

என் வீடு சந்தின் மேட்டுப் பக்கம், தூண்கள்மேல் கட்டியது. அவள் சொன்னதை இன்றுவரை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே அரிசிப் பையைத் தூக்கி வைத்தாள், மெத்தையைச் சுருட்டினாள். பிறகு என்னிடம் கேட்காமலே அஞ்சலியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சாப்பிட்டாளா இவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனாள்.

மதகடிக்கு வந்தபோது மழை கனத்துவிட்டது. மெரே போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். நான் செய்ய நினைத்தது பெரிய யோசனை ஒன்றுமில்லை. எண்ணெய் மேலே மிதக்கும். மதகு அடியிலிருந்து தூக்குவது. ஒரு சாண் மட்டும் தூக்கினால் அடித் தண்ணீர் போகும், எண்ணெய் பலகைக்கு இந்தப் பக்கமே நிற்கும். ஆனால் அதற்கு வடிகாலில் தண்ணீர் உயரமாகவே நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் சுழல் விழுந்து எண்ணெயையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். உயரமாக நிற்கவிட்டால் சந்துக்குள் ஏறும். வெறும் வீடுகளுக்குள்ளும், சாந்தியின் வீட்டுக்குள்ளும்.

எந்தப் புத்தகத்திலும் இதற்கு அளவு இல்லை. யாராவது ஒருவர் சக்கரத்தைப் பிடித்தபடி நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுழல் தெரிந்தால் இறக்க வேண்டும், தண்ணீர் படியேறினால் ஏற்ற வேண்டும்.

வேலு மாமா மழையில் தள்ளுவண்டியோடு வந்தார். வண்டி நிறையத் தலையணைகள். நம் வீடுகளில் இருக்குமே, இலவம்பஞ்சு அடைத்தது. போகிறவர்கள் யாரும் அதை எடுத்துப்போவதில்லை.

"அத்தை கேட்டா, எதுக்குன்னு. சொன்னேன். அவளே ஏத்திவிட்டா" என்றார். "இது தண்ணி குடிக்காது, எண்ணெய் குடிக்கும். தரை துடைக்க இதான் வெச்சிருந்தேன்."

கயிற்றில் வரிசையாகக் கட்டி மதகுக்கு முன்னால் குறுக்கே போட்டோம். ஒரு முனையை மெரே பிடித்தாள், மறு முனையை மாமா. கேங் ஆட்கள் வந்ததும் ஊறிக் கறுத்துப்போனதை இழுத்துப் பிழிந்து, மாமாவின் காலி டிரம்களில் ஊற்றி, மறுபடி கட்டினார்கள். ஒருமுறை மட்டும் மாமா எனக்குக் கேட்கும்படி, "நான் சுத்தம் பண்ணத்தாம்மா நினைச்சேன்" என்றார். நான் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

மதகை ஒரு சாண் தூக்கியபடி சக்கரத்தில் நின்று, சந்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கோவிந்தன் அண்ணன் வீட்டு முதல் படி மறைந்திருந்தது. மதகை இன்னும் கொஞ்சம் ஏற்றலாமா? மெரேயிடம், "நீ என்ன சொல்றே, தூக்கவா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தாள். "என்னைக் கேக்காதே மாராமா. கேட்டுட்டா நாளைக்கு, மெரேதான் சொன்னான்னு சொல்லுவே. நான் கயிறு பிடிக்க வந்தேன்."

கொஞ்சம் ஏற்றினேன். உடனே பலகையின் முன்னால் தண்ணீர் குழிந்தது. கறுப்பாக ஒரு நூல் கீழே இறங்கி மறைந்தது. ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தால், ஒரு மினுமினுப்பு நீளமாகப் படர்ந்து போய்க்கொண்டிருந்தது. இறக்கினேன். கோவிந்தன் அண்ணன் வீட்டுப் படி முழுவதும் மறைந்தது. பிறகு டீச்சரம்மா வீட்டுப் படி. ஆளில்லாத வீட்டை நான் வீடாக எண்ணவில்லை. அந்தப் பிற்பகலில் நான் எடுத்த முடிவு அவ்வளவுதான். சாந்தியின் வீட்டை எண்ணினேன். எண்ணியும் தண்ணீரை ஏற விட்டேன்.

அலை திரும்பியதும் முழுவதுமாக மூடினோம். மழை நிற்கும்வரை தண்ணீர் சந்தில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. இருட்டுவதற்கு முன் நின்றது.

நான் வீட்டுக்குப் போனபோது சாந்தியின் மடியில் அஞ்சலி தூங்கிக்கொண்டிருந்தாள். சாந்தி எனக்கு டீ மட்டும் போட்டு வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகத் திறந்தேன். சுவரில் முழங்காலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கோடு எல்லா வீடுகளிலும் ஒரே மட்டத்தில் ஓடியது. சாந்தி வீட்டில்தான் முதலில் தொடங்கினோம். வேலு மாமாவும் அத்தையும் வந்தார்கள். பயணத்துக்கு மூட்டை கட்ட வேண்டிய நாட்களில் இருவரும் அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். துடைத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி வந்தபோது சாந்திதான் முதல் தடவையாகச் சிரித்தாள். "டிரெயினேஜ்ல ஊத்திடலாமா மாமா?" என்றாள். மாமா தலையில் அடித்துக்கொண்டார். வாளி வாளியாகச் சுமந்து டிரம்களில்தான் ஊற்றினோம்.

அவர் போகும் நாள் வந்துவிட்டது. போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி ஆபீசுக்குள் வந்தார். "இந்த எண்ணெய என்னம்மா பண்ணப்போறே?" என்றார். "பார்த்துக்கறேன் மாமா, நீங்க கிளம்புங்க" என்றேன். இந்த ஊரில் இப்படிப்பட்ட எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இல்லை. சுவாவைக் கேட்டேன், மில்லைக் கேட்டேன், கப்பல்காரர்களைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். அதுவரை இருக்கட்டும் என்று கொட்டகையில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

வீடுகளின் சொந்தக்காரர்களுக்குச் செய்தி எப்படியோ போனது. ஒருவர் பின் ஒருவராகப் போன் செய்தார்கள். கோவிந்தன் அண்ணனின் மனைவி, "உன்கிட்ட சாவி கொடுத்துட்டு வந்தது இதுக்கா?" என்று கேட்டார். "துடைச்சுட்டேன் அண்ணி" என்றேன். "சுவருக்கு வெள்ளையும் அடிச்சுடறேன்." அதன் பிறகு அவர், முற்றத்து எலுமிச்சை காய்த்திருக்கிறதா என்று கேட்டார். காய்த்திருந்தது. பறிக்க ஆள்தான் இல்லை. காய்த்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

பழைய பொறியாளரும் ஒருமுறை கேட்டார். "திறந்தியா?" "கொஞ்சம் திறந்தேன் சார்." "பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்களா?" "நல்லா இருக்காங்க சார்." அதுவும் உண்மைதான், பிரிஸ்பேனில். அதற்குப் பிறகு வேலை விஷயமாக அவருக்கு நான் போன் செய்ததில்லை. கோபம் இல்லை. பார்க்காத தண்ணீரைப் பற்றி ஒருவரைக் கேட்பது அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

ஆறு தப்பித்ததா? மெரேயும் மற்றவர்களும் பல வாரம் மதகுக்குக் கீழே இறங்கவில்லை. தொலைவில் மேலே போய் எடுத்தார்கள். பஸ் பிடித்துப் போக வேண்டியிருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில் என்னைக் கூப்பிட்டு, பழைய இடத்து மட்டி ஒன்றைப் பிளந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு" என்றாள். முகர்ந்தேன். எண்ணெய் வாசனை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. "என்ன?" என்றாள். தெரியவில்லை என்றேன். "எனக்குத் தெரியும், ஒண்ணும் இல்ல" என்று சொல்லி ஒரு குவியலை என் பையில் கொட்டினாள். அன்றிரவு அஞ்சலிக்குச் சமைத்துக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நெடுநேரம் அடுப்படியில் நின்றேன். முதலில் நான் சாப்பிட்டுப் பார்த்தேன். பிறகு கொடுத்தேன்.

முழுவதும் திறந்திருந்தால் ஆறு தன்னைத்தானே கழுவிக்கொண்டிருக்குமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும். முழுவதும் மூடியே வைத்திருந்தால் அந்த நூல் எண்ணெய்கூடப் போயிருக்காதோ என்றும் தோன்றும். உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது: முடிவெடுக்கும் முன் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று உங்கள் கண்ணால் போய்ப் பாருங்கள். எடுத்த முடிவை அவர்கள் வாசலில் போய் நின்று சொல்லுங்கள்; போனில் சொல்லாதீர்கள். திட்டு வாங்குவதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

எங்கள் காகிதங்கள் போன மாதம் வந்துவிட்டன. சென்ற வாரம் சாந்தியிடம் போனேன். அவளும் கணவரும் எங்கேயும் போவதாக இல்லை. சாவிக் கொத்தை நீட்டினேன். வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உன் வீட்டுச் சாவியும் இதுல இருக்கா?" என்றாள். இருந்தது. "தூண் மேல நிக்கற வீடு" என்றாள். பிறகு, "மாசம் ஒரு தடவை ஜன்னல் திறந்து விடறேன்" என்றாள்.

நேற்று முன்தினம் வீட்டைக் கழுவினேன். விற்றது போக, கொடுத்தது போக மிஞ்சியவை சமையலறை மேடைமேல் நின்றன. அஞ்சலியின் அப்பா வாங்கி வைத்த பாதி டின் வார்னிஷ், களைக்கொல்லி, கொஞ்சம் மண்ணெண்ணெய், எலி மருந்து. கொடுக்க அக்கம்பக்கத்தில் சாந்தியைத் தவிர யாரும் இல்லை, அவளுக்கும் அவை வேண்டாதவை. பின்கதவைத் திறந்தால் வடிகால். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கதவு வரை போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அஞ்சலி பின்னாலிருந்து, "அம்மா, அது தோசைக்கல்லு ஆயிடும்" என்றாள். மூன்று வயதில் பார்த்தது அவளுக்கு நினைவிருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

கொட்டகையில் டிரம்களுக்குப் பக்கத்தில் நேற்று ஓர் அட்டைப் பெட்டி வைத்திருக்கிறேன். நனையாமலிருக்க மேலே தகரத்தால் மூடியிருக்கிறேன். அது என்னுடையது. டிரம்களுக்கும் அதற்கும் மழைக்காலத்துக்கு முன் ஓர் இடம் தேடுங்கள். நான் தேடியதைவிடக் கொஞ்சம் கத்திக் கேளுங்கள். இனியும் பல பேர் போவார்கள். அவர்களும் வீட்டைக் கழுவிவிட்டுத்தான் போவார்கள்.